நாற்பத்தேழாம் எண் கடையின் வரிசை

சவேலி குஸ்மிச்சுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது. உலகப் புரட்சி அல்ல. அதை மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சவேலிக்கு வேண்டியது சொந்தமாக ஒரு கழிப்பறை.

அவர் குடியிருந்த வீட்டில் ஐந்து குடும்பங்களுக்கு ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை. கழிப்பறைக்கு வெளியே ஐந்து விளக்கு சுவிட்சுகள். அவரவர் சுவிட்சைப் போட்டுக்கொண்டுதான் அவரவர் உள்ளே போக வேண்டும். சவேலி குடும்பத்துக்கு இருந்தது ஒரே அறை. கட்டிலில் அவரும் மனைவி ரிம்மாவும். அலமாரிக்குப் பின்னால் மகள் லீதா. போன வருடம் லீதாவுக்குக் கல்யாணம் ஆனதால் இப்போது அலமாரிக்குப் பின்னால் மாப்பிள்ளை க்ளேபும் சேர்த்தி. மாப்பிள்ளை ஆறேகால் அடி. அவர் காலை நீட்டிப் படுத்தால் முழங்காலுக்குக் கீழே உள்ளதெல்லாம் மாமனார் பக்கத்துக்கு வந்துவிடும். ஜனவரியில் லீதாவுக்குப் பிரசவம் வேறு. குழந்தையை எங்கே படுக்க வைப்பது என்று கேட்டதற்கு ரிம்மா அலமாரியின் மேல் இழுப்பறையைத் திறந்து காட்டினாள்.

சவேலி வேலை பார்த்தது ஒரு காரியாலயத்தில். மாஸ்கோவில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அந்தக் காரியாலயம்' என்றாலே எதிரில் இருப்பவர் குரலைத் தாழ்த்திவிடுவார். அவருடைய உத்தியோகம் அமெரிக்கர்களின் பின்னால் நடப்பது. இருபத்திரண்டு வருடமாக நடந்தார். அவர்கள் பூங்காவுக்குப் போனால் பூங்காவுக்கு, பொம்மலாட்டத்துக்குப் போனால் பொம்மலாட்டத்துக்கு. எத்தனை ரகசியம் பிடித்தார் என்று கேட்காதீர்கள். எத்தனை ஜோடி காலணி தேய்ந்தது என்று கேளுங்கள், சொல்வார்.

அந்தக் காரியாலயத்திலும் வீட்டுக்கு வரிசை உண்டு. வீட்டுப் பிரிவுத் தோழர் ப்ளஹோவா என்ற அம்மாள் அந்தப் பட்டியலை வைத்திருந்தார். மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு மூன்றாம் மாடி நடையில் பெயர் கூப்பிடுவார். ஆள் இருந்தால் பெயர் நிற்கும்; இல்லாவிட்டால் கடைசிக்குப் போய்விடும். பதினோரு வருடத்தில் சவேலி ஒரு திங்கட்கிழமையையும் விட்டதில்லை. குடல்வால் அறுத்த மறுநாள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து "இருக்கேன்" என்று முனகிவிட்டுப் போனவர் அவர். அப்படி நின்று நின்று, எழுபத்தெட்டாம் வருட அக்டோபரில் அவர் முதல் ஆளாகிவிட்டார். நவம்பர் ஏழாம் தேதிப் புரட்சி விழாவை ஒட்டி இரண்டு அறை, பால்கனி, சொந்தச் சமையலறை கொண்ட ஒரே ஒரு வீடு கொடுப்பதாக இருந்தது. ஒன்றாம் எண், சவேலி. இரண்டாம் எண், அவருடைய மேலதிகாரி மேஜர் போச்கின். பழைய வீட்டை முதல் மனைவியிடம் விட்டுவிட்டு, இரண்டாம் மனைவியோடு புதிதாகப் பெயர் கொடுத்து, பதவியைக் காட்டி நேராக இரண்டாம் இடத்துக்கு வந்தவர்.

அக்டோபர் பதினேழாம் தேதி மேஜர் போச்கின் சவேலியைக் கூப்பிட்டார்.

"சவேலி குஸ்மிச், கரடிச் சந்துல நாப்பத்தேழாம் நம்பர் பெட்டிக்கடை தெரியுமா?"

"மூடிக் கிடக்குமே, அதுவா தோழர் மேஜர்? ரெண்டு வருஷமா தெறக்கல."

"அதேதான். அதுக்குப் பின்னாடி ஒரு செங்கல் கெடக்கு. உள்ள குடைஞ்ச செங்கல். நம்மாளு ஒருத்தன் அமெரிக்காக்காரனுக்காக அதுல ஒரு சமாச்சாரத்த வச்சிருக்கான். வச்சவன் மாட்டிக்கிட்டான். எடுக்க வர்றவன் மாட்டணும். நீ போய் நில்லு. செங்கல்லத் தொடாத. அவன் தொட்ட உடனே சொல்லு. பெரிய வேலைப்பா இது. முடிச்சுக் குடுத்தேன்னா வீட்டுச் சாவிய ஜெனரல் கையாலயே வாங்கலாம்."

"எப்படி நிக்கறது தோழர் மேஜர்?"

"இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு, இன்னமும் கேக்கறியே! ஏதோ காரியமா நிக்கற மாதிரி நில்லுய்யா."

மறுநாள் விடிந்ததும் சவேலி போனார். கரடிச் சந்தில் மரம் கிடையாது, பெஞ்சு கிடையாது, பேருந்து நிற்காது. அங்கே நிற்பதற்குக் காரியமே இல்லை. என்ன செய்வார் மனிதர்? மூடியிருந்த கடையின் கதவைப் பார்த்தபடி, கையில் வலைப்பையோடு நேராக நின்றார்.

இதைவிடப் பெரிய தப்பை அவர் செய்திருக்க முடியாது. மூடிய கதவின் முன்னால் ஒருவர் காலை ஏழு மணிக்கு வலைப்பையோடு நிற்கிறார் என்றால் மாஸ்கோவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஐந்து நிமிடம் ஆகவில்லை. சாம்பல் நிற சால்வை போட்ட ஒரு பருமனான அம்மாள் வேகமாக வந்து பின்னால் நின்றார்.

"யார் கடைசி?"

நாற்பது வருடமாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய். சவேலி யோசிக்கவே இல்லை.

"நான்தான்."

முடிந்தது கதை. அந்த அம்மாள் அவருக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு ஆசிரியை. அவருக்குப் பின்னால் இரண்டு செவிலியர். பிறகு ஒரு பேராசிரியர் வந்து, "என்ன குடுக்கறாங்க?" என்று கேட்டார். "இன்னும் சொல்லல" என்றார் சால்வைக்கார அம்மாள். சொல்லவில்லை என்றதும் பேராசிரியரின் கண் விரிந்தது. சொல்லாமல் கொடுக்கிறார்கள் என்றால் நல்ல சரக்காகத்தானே இருக்க வேண்டும்!

ஒன்பது மணிக்கு நாற்பது பேர். சால்வைக்கார அம்மாளின் பெயர் கபிதோலினா யெகோரவ்னா. முப்பது வருடம் டிராம் வண்டியில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டையும் ஊதாப் பென்சிலையும் எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! தினம் காலைல ஆறு மணிக்குப் பேர் கூப்புடுவேன். வராதவங்க பேரு அடிபடும். அவசரம்னா பின்னாடி நிக்கறவங்ககிட்ட சொல்லிட்டுப் போகணும். சொல்லாமப் போனா எடம் போச்சு. உள்ளங்கைய நீட்டுங்க, நம்பர் போடறேன். தம்பி, நீதான் மொதல். உன் பேரென்ன?"

"சவேலி" என்றார் அவர். உண்மையான பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது அப்புறம்தான் உறைத்தது. உள்ளங்கையில் ஊதா நிறத்தில் 'ஒன்று' என்று விழுந்துவிட்டது.

அன்று காற்று அதிகம். நோட்டின் தாள்கள் படபடத்தன. கபிதோலினா யெகோரவ்னா கடைக்குப் பின்னால் போனார். கையில் ஒரு செங்கல்லோடு திரும்பி வந்தார். அதைக் கடையின் பலகைத் தட்டில் நோட்டின் மேல் டொக்கென்று வைத்தார்.

"செங்கல்லப் பாத்தியா, எவ்வளவு லேசா இருக்கு! இப்பல்லாம் செங்கல்லுலகூட ஏமாத்தறானுங்க."

அது மேஜர் சொன்ன அதே செங்கல். செங்கல்லைத் தொடக் கூடாது என்பது உத்தரவு. அந்த அம்மாளிடமிருந்து பிடுங்கவும் முடியாது, பேசாமல் இருக்கவும் முடியாது. கடைசியில் பேசாமலே இருந்தார்.

நண்பகலில் அமெரிக்கர் வந்தார். வெண்டல் ஸ்டப்ஸ் என்று பெயர். வேளாண்மை அதிகாரி என்று சொல்லிக்கொள்பவர். சவேலி அவர் பின்னால் மூன்று வருடம் நடந்திருக்கிறார், அதில் ஒரு தரம்கூட அவர் கோதுமையைப் பார்த்ததில்லை. ஆளே இல்லாத சந்து என்று நம்பி வந்தவர், நூற்றுச் சொச்சம் பேரைப் பார்த்துத் திகைத்து நின்றார். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மெல்லக் கடையின் பின்பக்கம் நழுவப் பார்த்தார்.

"எங்க போற? எங்க போறேங்கறேன்! பின்வாசல் வழியா வாங்கிட்டுப் போயிடலாம்னு நெனப்பா?" என்று மடக்கினார் கபிதோலினா யெகோரவ்னா.

"மன்னிக்கவும் அம்மையீர். நான் சற்று அப்பால் செல்ல மட்டுமே விரும்புகிறேன்" என்றார் ஸ்டப்ஸ். அவர் நம் மொழியைப் புத்தகத்தில் கற்றவர்.

"என்ன இவன், ரேடியோல செய்தி வாசிக்கற மாதிரியே பேசறான்?" என்றாள் ஒரு செவிலி.

"எஸ்தோனியாக்காரனா இருப்பான், பாவம், அவங்க பாஷை வேறல்ல. இந்தாப்பா எஸ்தோனியா, எல்லாரும் அப்பால் செல்லத்தான் நிக்கறோம். போய்க் கடைசில நில்லு. கைய நீட்டு!"

ஸ்டப்ஸ் கையை நீட்டினார். நூற்று நாற்பத்து மூன்று. அப்போது அவர் கண் பலகைத் தட்டின் மேல் போனது. அங்கே வெட்டவெளியில், நோட்டின் மேல், அவருடைய செங்கல்! அவர் முகம் போன போக்கைப் பார்த்து, சவேலிக்கு இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக ஒரு அமெரிக்கர் மேல் இரக்கம் வந்தது. இரவில் அது நோட்டோடு அந்த அம்மாளின் வீட்டுக்குப் போய்விடும்; பகலில் அதைத் தொட வேண்டுமானால் வரிசையின் முன்னால் வர வேண்டும். வரிசையின் முன்னால் வர வேண்டுமானால் தினமும் ஆறு மணிக்கு வந்து "இருக்கேன்" சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்டப்ஸ் வந்தார்.

சவேலி நடந்ததை நடந்தபடி எழுதினார்: 'நான் போய் நின்றேன். ஒரு அம்மாள் யார் கடைசி என்றார். நான்தான் என்றேன். இப்படியாக வரிசை உண்டானது. வரிசைக்கு வேறு காரணம் இல்லை.'

மேஜர் போச்கின் அறிக்கையை மேசைமேல் விட்டெறிந்தார்.

"காரணமில்லாம நூத்தம்பது பேரு நிப்பானா? நம்ம ஜனங்களக் கேவலப்படுத்தறியா? என்ன குடுக்கறாங்கன்னு எழுதுய்யா!"

"ஒண்ணும் குடுக்கலையே, தோழர் மேஜர்."

"அப்ப என்ன குடுக்கப் போறாங்கன்னு எழுது."

"தெரியாதே."

"தெரியாதுங்கற வார்த்தையே இந்தக் கட்டடத்துல கெடையாது!"

சவேலி வெளியே போய், அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, ஒரு வரியை மாற்றி எழுதிக்கொண்டு வந்தார்: 'வரிசையின் காரணம் ரகசியமானது.' மேஜர் படித்தார். முகம் மலர்ந்தது. "இது அறிக்கை!" என்று சிவப்பு முத்திரை குத்தி மேலே அனுப்பினார்.

அதே வாரம் ஸ்டப்ஸும் தம் ஊருக்கு எழுதினார். அவருக்கும் மேலதிகாரிகள் உண்டு. அவர்களுக்கும் 'தெரியாது' என்ற சொல் பிடிக்காது. 'கரடிச் சந்தில் மூடிய கடை ஒன்றின் முன்னால் பொதுமக்கள் ராணுவ ஒழுங்கோடு தினமும் அணிவகுக்கிறார்கள். காரணம் மிக ரகசியம்' என்று எழுதினார். வாஷிங்டனில் அதைப் பதினோரு பிரதி எடுத்தார்கள். பதினோராவது பிரதி, அங்கே நம் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் வழியாக, ஒன்பதே நாளில் மாஸ்கோ வந்து ஜெனரல் ஸ்விரிதினின் மேசையில் உட்கார்ந்தது. ஜெனரல் அவசரக் கூட்டம் போட்டார். சவேலியும் கடைசி நாற்காலியில் இருந்தார்.

"தோழர்களே!" என்று எழுந்தார் ஜெனரல். மார்பில் இருந்த பதக்கமெல்லாம் குலுங்கின. "நாற்பத்தேழாம் எண் கடையில் ஏதோ இருக்கிறது என்று நம் அறிக்கை சொன்னது. நான் நம்பவில்லை. நம் ஆட்கள் சொன்னதை நான் எப்போது நம்பியிருக்கிறேன்? ஆனால் இப்போது அமெரிக்காவே சொல்கிறது! எதிரிக்குத் தெரிந்துவிட்டது, நமக்கு இன்னும் தெரியவில்லை. இதிலிருந்து என்ன விளங்குகிறது? அது நம்முடைய ரகசியம்தான் என்று விளங்குகிறது! வேறு ஒரு துறை அதை நம்மிடமிருந்தே மறைத்து வைத்திருக்கிறது. அந்தத் தோழர்களின் கட்டுப்பாட்டை நான் பாராட்டுகிறேன். அவர்கள் யாரென்று கண்டுபிடியுங்கள்."

எல்லோரும் கை தட்டினார்கள். சவேலி மெல்லக் கையைத் தூக்கியபடி எழுந்தார்.

"தோழர் ஜெனரல், அங்க ஒண்ணுமே இல்ல. நான்தான் சும்மா போய்…"

பக்கத்திலிருந்த மேஜர் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். சவேலி உட்கார்ந்துவிட்டார். வீட்டுப் பட்டியலில் ஒன்றாம் ஆளாக இருப்பவர் இந்த நேரத்தில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வாரா?

அப்புறம் நடந்ததை என்னவென்று சொல்ல! மறுநாள் வரிசையில் ஒரே மாதிரி சாம்பல் தொப்பி போட்ட இருபது பேர் புதிதாக நின்றார்கள். "தொப்பித் தொழிற்சாலை ஆளுங்க போல" என்றார் கபிதோலினா யெகோரவ்னா, நம்பர் போட்டுக்கொண்டே. அதைப் பார்த்து அமெரிக்கர்கள் இசை அதிகாரி ஒருவரையும் மீன்வள அதிகாரி ஒருவரையும் அனுப்பினார்கள். அவர்களும் எஸ்தோனியாக்காரர்கள் என்று பதிவாயிற்று. சாம்பல் தொப்பிகள் எஸ்தோனியர்களைக் கவனித்தார்கள். எஸ்தோனியர்கள் சாம்பல் தொப்பிகளைக் கவனித்தார்கள். இருவரையும் கபிதோலினா யெகோரவ்னா கவனித்து, தாமதமாக வந்தவர்களை அடித்தார், அதாவது பெயரை. குளிர் ஏறியது. ஆசிரியை வெந்நீர்க் குடுவையில் தேநீர் கொண்டுவந்தாள், பேராசிரியர் முட்டைக்கோஸ் அடைத்த பணியாரம் கொண்டுவந்தார். ஸ்டப்ஸ் ஒருநாள் ஒரு பெட்டி சாக்லேட் கொண்டுவந்து கொடுத்து, "அனைவரும் உண்டு மகிழ்க" என்றார். இரண்டு சாம்பல் தொப்பிகள் அதைச் சோதனைக்கு எடுத்துப்போனார்கள். சோதனையில் சாக்லேட் முழுவதும் தீர்ந்துபோனது.

வியன்னாவில் அப்போது இரண்டு தேசமும் ஏவுகணைகளைக் குறைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தன. அமெரிக்கப் பேச்சாளர் திடீரென்று, "முதலில் நாற்பத்தேழாம் எண் கடையைப் பற்றிப் பேசுவோம்" என்றாராம். நம் பேச்சாளருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால் வாயை இறுக்க மூடிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அந்த மௌனத்தைப் பார்த்து அமெரிக்கர் மிரண்டுபோய்ப் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார். உலகம் அழியாமல் இருப்பது ஒரு பெட்டிக்கடையின் பூட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பூட்டுக்கு யாரிடமும் சாவி இல்லை.

ஜெனரலே வழி கண்டுபிடித்தார். "ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் கடையில் எதையாவது விற்றுவிட வேண்டும். எதிரி ஏமாந்துபோவான்." உத்தரவு போனது. முந்நூறு ஜோடி யூகோஸ்லாவியக் காலணி, உள்ளே கம்பளி ரோமம் வைத்தது, கிடங்கிலிருந்து புறப்பட்டது. ஜெனரல் அலுவலகத்தின் வழியாக வந்தபோது அது இருநூற்றுச் சொச்சம் ஆனது; மேஜர்களின் மாடி வழியாக இறங்கியபோது நூற்று நாற்பத்திரண்டு ஆனது. கடை திறக்கும் நாள் நவம்பர் ஆறு, காலை ஆறு மணி.

சவேலி மேஜரிடம் ஓடினார்.

"தோழர் மேஜர், ஆறாம் தேதி மொதத் திங்கக்கெழமை! ப்ளஹோவா பேர் கூப்புடற நாளு! ஒரு மணி நேரம் விடுங்க."

"பைத்தியமா உனக்கு? ஒண்ணாம் நம்பர் இல்லாம வரிசை நகருமா? மொத்த வேலையும் கெட்டுரும். நீ அங்க நில்லு. இங்க நான் பாத்துக்கறேன்."

"சொல்லிடுவீங்களா?"

"நான் இருக்கேன்யா!" என்றார் இரண்டாம் எண்.

ஆறாம் தேதி கடை திறந்தது. சவேலிக்கு முதல் ஜோடி. அளவு பார்த்து வாங்கும் வழக்கம் கிடையாது, கொடுத்ததை வாங்க வேண்டும். ரிம்மாவின் காலைவிட இரண்டு அளவு பெரியது கிடைத்தது. கபிதோலினா யெகோரவ்னாவுக்கு, ஆசிரியைக்கு, செவிலியருக்கு, பேராசிரியரின் மனைவிக்கு. ஒவ்வொருவரும் காலணியை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்கள். ஸ்டப்ஸ் இருபது நாள் காத்திருந்து தட்டின் பக்கத்தில் வந்துவிட்டார். செங்கல் கைக்கெட்டும் தூரம். அவர் கையை நீட்டினார்.

"தீந்துபோச்சு!" என்று கதவு படாரென்று இறங்கியது. கபிதோலினா யெகோரவ்னா நோட்டையும் செங்கல்லையும் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

ஸ்டப்ஸ் வெளுத்துப்போனார். நூற்று நாற்பத்திரண்டோடு நின்றது! சரியாகத் தம் முகத்தில்! அன்று மாலையே வாஷிங்டனுக்குச் செய்தி போனது: அவர்களுக்கு எல்லாம் தெரியும். எப்போதோ தெரியும். கைது செய்யாமல், ஒரு சொல் சொல்லாமல், மரியாதையாகக் கதவை மூடிக் காட்டிவிட்டார்கள். வாஷிங்டனில் பெரியவர்கள் அந்த நாகரிகத்தை வியந்து ஸ்டப்ஸைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். வியன்னாவில் மறுபடி கை குலுக்கல். ஜெனரலுக்குப் பதக்கம், மேஜருக்குப் பதக்கம், சவேலிக்குக் கெட்டிக் காகிதத்தில் ஒரு பாராட்டுச் சான்றிதழ்.

சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு, விழா முடிந்த மறுநாள், சவேலி சாவி வாங்க மூன்றாம் மாடிக்கு ஓடினார். ப்ளஹோவா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"உங்க பேரு அடிபட்டுப்போச்சு, தோழர். ஆறாந்தேதி வரல. இப்ப முந்நூத்திப் பதினாலு. ஒண்ணாம் நம்பரு மேஜர் போச்கின்."

"நான் வேலையா நின்னேம்மா! கரடிச் சந்துல!"

"எந்தச் சந்து? எழுத்துல இருக்கா?"

இருந்தது. ஆனால் அது ரகசியம். வீட்டுப் பிரிவுக்குக் காட்டக் கூடாது. மேஜரிடம் போனால் மேஜர் கையை விரித்தார். "அடடா, மறந்தே போச்சு சவேலி குஸ்மிச். அன்னிக்கு வேலை அப்படி. விடு, இன்னும் பதினோரு வருஷந்தானே?"

சவேலி வீட்டுக்குப் போகவில்லை. ரிம்மாவிடம் இதை எந்த வாயால் சொல்வது? கால்கள் தாமாகக் கரடிச் சந்துக்குக் கூட்டிப்போயின. மூடிய கடையின் முன்னால் நின்று, ஐம்பது வயது மனிதர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார்.

"என்ன தம்பி, திரும்பக் குடுக்கறாங்களா?" பின்னால் கபிதோலினா யெகோரவ்னா. காலில் புதுக் காலணி.

சவேலி எல்லாவற்றையும் கொட்டினார். சட்டப்படி சொல்லக் கூடாததையும் சொன்னார். தாம் எந்தக் காரியாலயம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னபோது அந்த அம்மாள் சிரித்துவிட்டார்.

"அட ராசா, அது மொத நாளே தெரியும். வேலைநாள்ல விடிஞ்சதுலேர்ந்து அடையற வரைக்கும் நிக்கற ஆம்பள வேற யாரு இருப்பா? அந்த நெட்டையன் அமெரிக்காக்காரன்னும் தெரியும். எஸ்தோனியான்னு சொன்னது அவன் மானத்தக் காப்பாத்தத்தான். அத விடு. உங்க வரிசைல உனக்குப் பின்னாடி நின்னது யாரு?"

"மேஜர்."

"அவன்கிட்ட சொல்லிட்டுத்தான போன?"

"சொல்லிட்டுத்தான் போனேன். நான் இருக்கேன்னாரு."

கபிதோலினா யெகோரவ்னாவின் முகம் மாறியது. அமெரிக்காவோ ஏவுகணையோ அவரைக் கோபப்படுத்தியதில்லை. இது கோபப்படுத்தியது.

"பின்னாடி நிக்கறவன் மாத்திச் சொல்லிட்டானா? முன்னாடி நின்னவன் எடத்த முழுங்கிட்டானா? இரு, வர்றேன்."

மறுநாள் காலை அந்தக் காரியாலயத்தின் வாசல் காவலர் இதுவரை பார்க்காததைப் பார்த்தார். அந்தக் கட்டடத்துக்கு ஆட்களைக் கொண்டுவருவார்கள். தாமாக யாரும் வருவதில்லை. இன்று நூற்று நாற்பது பேர் யூகோஸ்லாவியக் காலணி போட்டுக்கொண்டு ஒற்றை வரிசையில் வந்து நின்றார்கள். "வீட்டுப் பிரிவுக்கு!" என்றார் முன்னால் நின்ற அம்மாள். அதைத் தடுக்கச் சட்டம் இருக்கிறதா என்று காவலர் புத்தகத்தைப் புரட்டுவதற்குள் வரிசையின் முன்பாதி மூன்றாம் மாடி ஏறிவிட்டது.

ப்ளஹோவாவின் மேசையில் கபிதோலினா யெகோரவ்னா நோட்டை வைத்தார். நோட்டின் மேல் செங்கல்லை வைத்தார். சத்தம் கேட்டு வந்த மேஜர் போச்கின் செங்கல்லைப் பார்த்தார். கதவுப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினார்.

"இந்தா பாரு அம்மா, ஆறாந்தேதி காலைல ஆறு மணி. மொதப் பேரு சவேலி. இருக்கேன்னு சொன்னாரு. அன்னிக்கு அவரு நின்னது வரிசைலதான், படுத்துத் தூங்கல."

"அது உங்க வரிசை" என்றார் ப்ளஹோவா. குரலில் பழைய உறுதி இல்லை, அவரும் மாஸ்கோக்காரிதானே.

"வரிசைல உங்க வரிசை எங்க வரிசைன்னு உண்டா? சரி, மொறைப்படியே கேக்கறேன். இங்க ரெண்டாம் நம்பர் யாரு? நீங்களா தோழர்? இங்க வாங்க. எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. இவரு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரா, இல்லையா?"

மேஜர் போச்கின் சாதாரண ஆள் இல்லை. வாஷிங்டனிடம் பொய் சொல்லியிருக்கிறார், லண்டனிடம் சொல்லியிருக்கிறார், இரண்டு மனைவிகளிடம் சொல்லியிருக்கிறார். வாயைத் திறந்தார். நடை முழுக்க, படிக்கட்டு முழுக்க நூற்று நாற்பது பேர் அவரையே பார்த்தார்கள். சாம்பல் தொப்பிக்காரர்களும் அறைக் கதவுகளைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அந்தப் பட்டியலில் ஒரு எண் இருந்தது. கபிதோலினா யெகோரவ்னா ஊதாப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார்.

"சொன்னாரு" என்றார் மேஜர், தரையைப் பார்த்து. "எனக்கு முன்னாடி நின்னாரு."

ப்ளஹோவா முந்நூற்றுப் பதினான்கை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். இழுப்பறையைத் திறந்தார். சாவியில் இன்னும் தொழிற்சாலை எண்ணெய் இருந்தது. செங்கல் அங்கேயே தங்கிவிட்டது. ப்ளஹோவா இன்றும் வீட்டுப் பட்டியலின் மேல் அதைத்தான் வைக்கிறாராம். அதற்குள் என்ன இருந்தது என்று இருதரப்பிலும் யாருக்கும் தெரியாது.

சவேலி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். வாசலுக்கு வந்தால், வரிசை குறையக் காணோம். வளர்ந்திருந்தது. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு சதுக்கத்தின் அந்தப் பக்கம் வரை போய்விட்டது. எல்லோரும் புதியவர்கள், கையில் வலைப்பை. மாடி ஜன்னலிலிருந்து இதைப் பார்த்த ஜெனரல் ஸ்விரிதின், தம் வாசலில் தமக்கே தெரியாமல் என்ன கொடுக்கிறார்கள் என்று அறிந்துகொள்ள, மேல்கோட்டை மாட்டிக்கொண்டு மூச்சிரைக்க இறங்கி வந்தார். வந்தவர் நேராக சவேலியின் அருகில்தான் வந்து நின்றார்.

"யார் கடைசி?"

பதில் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சவேலி சாவியைப் பார்த்தார். பற்களைக் கடித்து, உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வீட்டைப் பார்க்க நடந்தார்.